மெலனோமா பரவல் ஆய்வு: சுண்டெலியா, மீனா, நோயாளியின் திசுவா?

தோல் புற்றுநோயில் பிஎச்.டி. சேர்ந்தவர்கள் முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எந்த மாடலில், அதாவது நோயை வைத்துப் பார்க்கும் எந்தச் செல், விலங்கு அல்லது திசுவில் வேலை செய்வது? கைடு ஒன்று சொல்வார், சீனியர் வேறொன்று சொல்வார், கட்டுரைகளில் படித்தால் எல்லா மாடலுமே பிரமாதமாகத் தெரியும். ஆனால் இந்த ஒரு முடிவுதான் அடுத்த பத்து வருடம் உங்கள் கை எந்த வேலையில் பழகும், எந்தக் கூட்டங்களில் உங்களை அழைப்பார்கள், எந்த ஆய்வுக்கூடம் உங்களைப் போஸ்ட்டாக்காக (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளராக) எடுக்கும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. தலைப்பை இரண்டாம் வருடம்கூட மாற்றலாம். மாடலை மாற்றினால் மறுபடி முதலிலிருந்துதான்.

நிறமிச் செல்களில் தொடங்கும் தோல் புற்றுநோயான மெலனோமாவில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது தோலில் இருக்கும் கட்டி அல்ல. அங்கிருந்து கிளம்பி நிணநீர்க் கணு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று போய் உட்காரும் செல்கள்தான். அந்தப் பயணத்தில் ஐந்து படிகள் உண்டு: கட்டியை விட்டு விலகுதல், ரத்தக் குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ நுழைதல், ஓட்டத்தில் உயிரோடு இருத்தல், வேறோர் உறுப்பில் தங்கிக் குழாயை விட்டு வெளியேறுதல், அங்கே வளர்தல். பெரும்பாலான செல்கள் நடுவழியிலேயே செத்துப்போகின்றன. கால்நடை மருத்துவராக இருந்து புற்றுநோய் ஆய்வுக்கு வந்த ஐசையா ஃபிட்லர், 1970இல் கதிரியக்க அடையாளமிட்ட பி16 என்ற சுண்டெலி மெலனோமா செல்களைச் சுண்டெலியின் ரத்தத்தில் செலுத்திக் கணக்குப் பார்த்தார். ரத்தத்தில் நுழைந்தவற்றில் 0.01 சதவீதத்துக்கும் குறைவானவையே புதுக் கட்டியாக வளர்ந்தன. இந்த ஐந்து படிகளையும் ஒருசேரக் காட்டும் மாடல் இன்றுவரை கிடையாது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், உங்கள் கேள்வி எந்தப் படியைப் பற்றியது? “மெட்டாஸ்டாசிஸ் (பரவல்) எப்படி நடக்கிறது” என்பது கேள்வியாகாது. “நிணநீர்க் கணுவுக்குள் போன செல் ஏன் சாகவில்லை” என்று கேட்டால், மாடல் பட்டியல் தானாகவே பாதியாகிவிடும்.

இரண்டாவது, நம்பத்தகுந்த முதல் தரவு எப்போது வரும்? சிஎஸ்ஐஆர் தரும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) இரண்டு வருடம், அதன்பின் எஸ்ஆர்எஃப் (முதுநிலை) மூன்று வருடம், ஆக மொத்தம் ஐந்து. 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஐந்து வருடம் தாண்டினால் உதவித்தொகை நின்றுவிடும். எலிக்கு அது தெரியாது.

மூன்றாவது, மாடலில் நோய் எதிர்ப்பு அமைப்பு முழுதாக இருக்கிறதா? 2011இல் இபிலிமுமாப், 2014இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று எதிர்ப்பு அமைப்பைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்துகள் வந்தபிறகு மெலனோமா சிகிச்சையின் போக்கே மாறிவிட்டது. கட்டியைத் தாக்கும் டி செல்லே இல்லாத எலியில் வேலை செய்தால் அந்தப் பேச்சில் உங்களுக்கு இடமில்லை.

நான்காவது, மனித நோயோடு எவ்வளவு ஒட்டுகிறது? ஐந்தாவதைத்தான் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள்: அந்த மாடல் உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா? இல்லாததைப் புதிதாக நிறுவப்போனால் ஒன்றரை வருடம் சாதாரணமாகக் கரைந்துவிடும்.

## செல் லைன் மட்டும்

ஏ375, எஸ்கே-மெல்-28 போன்ற மனித மெலனோமா செல் லைன்கள் (தட்டில் தொடர்ந்து பெருகும் செல் வகைகள்) எங்கும் கிடைக்கும். 8 மைக்ரான் துளையுள்ள சவ்வின் மேல் திசுவைப் போன்ற மேட்ரிஜெல் என்ற கூழைப் பூசி, மேலே சீரம் இல்லாத மீடியம், கீழே சீரம் உள்ள மீடியம் வைத்து, 24 மணி நேரத்தில் எத்தனை செல் கீழே இறங்கியது என்று எண்ணலாம். ஒரு மாதத்தில் படம் தயார்.

இதில் தெரிவது முதல் படியின் ஒரு துண்டு மட்டுமே. வேகமாகப் பெருகும் செல், வேகமாக ஊடுருவும் செல்லைப் போலவே தோற்றம் காட்டும் என்பது இன்னொரு சிக்கல். மைட்டோமைசின் சி கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்தியோ, நேரத்தைக் குறைத்தோ ஒரு கன்ட்ரோல் வைக்காவிட்டால் ரெவ்யூவர் அங்கேயே பிடித்துவிடுவார்.

அடுத்தது, குப்பி லேபிளில் இருக்கும் பெயரை நம்புவது. எம்டிஏ-எம்பி-435 என்ற செல் லைனை மார்பகப் புற்றுநோய் என்று நினைத்துப் பல வருடம் உலகமெங்கும் பரவல் ஆய்வு செய்தார்கள். கடைசியில் அது எம்14 என்ற மெலனோமா செல் லைன் என்று தெரியவந்தது. செல் வந்த அன்றே, டிஎன்ஏவை வைத்து அடையாளம் காணும் எஸ்டிஆர் சோதனைக்கு அனுப்புங்கள். செல்களில் ஒளிந்து தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான பிசிஆர் சோதனை மாதம் ஒருமுறை. இதற்காகும் பணத்தை எந்த கைடும் வீண்செலவு என்று சொல்லக்கூடாது.

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கும், விலங்குக்கூடம் இல்லாத கல்லூரிகளுக்கும் இது சரியான தேர்வு. பிஎச்.டி. முழுவதையும் இதிலேயே முடித்தால் “பரவலை ஆராய்ந்தேன்” என்று நேர்காணலில் சொல்வது கடினம்.

## பி16 சுண்டெலி

1954இல் சி57 பிளாக் 6 என்ற ஆய்வக இனச் சுண்டெலி ஒன்றில் தானாக வந்த கட்டிதான் பி16. அதன் செல்களைச் செலுத்தி, நுரையீரலில் வளர்ந்ததை எடுத்து வளர்த்து, மறுபடி செலுத்தி, இப்படிப் பத்து சுற்று தேர்ந்தெடுத்து ஃபிட்லர் 1973இல் உருவாக்கியது பி16-எஃப்10. இந்தியாவில் விலங்குக்கூடம் உள்ள பெரும்பாலான இடங்களில் இதைத் தொடங்க முடியும். எலியின் எதிர்ப்பு அமைப்பும் முழுமையாக இருக்கிறது.

முறை எளிது, கைப்பக்குவம்தான் எளிதல்ல. தட்டில் 60–70 சதவீதம் நிறைந்திருக்கும் செல்களை எடுங்கள். செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சினில் அதிக நேரம் விடவேண்டாம். இரண்டு முறை பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவி, 40 மைக்ரான் வடிகட்டி வழியாகச் செலுத்தி, டிரைபான் நீலத்தில் உயிருள்ளவை 90 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எலிக்கு 2 லட்சம் செல், 200 மைக்ரோலிட்டரில். ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். செல்கள் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குழாயை மெல்லக் கவிழ்த்துக் கலக்கிவிட்டு எடுங்கள். வடிகட்டாமல் கட்டிக்கட்டியாகச் செலுத்தினால் நுரையீரல் ரத்தக்குழாய் அடைபட்டு, எலி மேசையிலேயே செத்துப்போகும்.

வாலை விளக்கின் கீழே சில நிமிடம் சூடுகாட்டினால் பக்கவாட்டுச் சிரை (ரத்தக் குழாய்) புடைத்துத் தெரியும். 29 அல்லது 30 கேஜ் ஊசி. சிரைக்குள் இருந்தால் பிஸ்டன் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். கொஞ்சம் இறுக்கமாக இருந்து, வாலில் வெள்ளையாக ஒரு கொப்புளம் எழும்பினால் திரவம் வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அந்த எலியை அப்போதே நோட்டில் குறித்துவிடுங்கள். நுரையீரலை எண்ணிப் பார்த்த பிறகு “இதில் ஊசி சரியாகப் போகவில்லை” என்று நீக்குவது நேர்மையான கணக்கு ஆகாது. முதல் குழு முழுவதையும் முடித்துவிட்டு இரண்டாம் குழுவுக்குப் போவதும் தவறு. காத்திருக்கும் குழாயில் செல்கள் செத்துக்கொண்டே இருப்பதால், இரண்டாம் குழுவில் கட்டி குறைந்ததாகப் பொய்யான முடிவு வரும். மாற்றி மாற்றிச் செலுத்துங்கள்.

இரண்டு வாரம் கழித்துத் திறந்தால், கழுவிய வெளிர்ந்த நுரையீரலின் மேல் கறுப்பு எள்ளைத் தூவியதுபோலப் புள்ளிகள். வெறும் கண்ணால் எண்ணலாம். மூன்று வாரத்துக்குத் தள்ளினால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், எண்ண முடியாது.

இதன் குறைகளையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். வாலில் ஊசி போடுவது முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதிப்பது. இதை “செயற்கைப் பரவல்” என்றுதான் எழுத வேண்டும். தோலுக்கடியில் கட்டி வளர்த்துத் தானாகப் பரவுவதைப் பார்க்கலாமே என்றால், முதல் கட்டி இரண்டு மூன்று வாரத்தில் நெறிமுறைக் குழு அனுமதிக்கும் அளவைத் தாண்டிவிடும். எனவே கட்டியை அறுவை செய்து எடுத்துவிட்டு எலியைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். அதற்கு எஃப்10ஐவிட பிஎல்6 என்ற கிளை பொருத்தமானது. மெலனின் வேறு இடையூறு செய்யும்: செல்களைப் படமெடுக்க உதவும் லூசிஃபெரேஸ் நொதியின் ஒளியை விழுங்கும், ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்து பிசிஆரைக் கெடுக்கும். ஆர்என்ஏ கரைசல் சாம்பல் நிறத்தில் இருந்தால் மறுபடி சுத்தம் செய்யாமல் முன்னே போகாதீர்கள்.

பெரிய குறை வேறு. மனித மெலனோமாவில் ஏறத்தாழ பாதியில் இருக்கும் பிராஃப் மரபணுவின் வி600இ மாற்றம் பி16இல் கிடையாது. அதனால் இன்று தொடங்குபவர்கள் யேல் பல்கலைக்கழகத்தில் உருவான யம்1.7 செல் லைனையும் சேர்த்து வாங்குவது நல்லது. அதில் பிராஃப் மாற்றம் உண்டு, அதே பிளாக் 6 எலியில் வளரும். இரண்டிலும் ஒரே முடிவு வந்தால் உங்கள் வாதம் நிற்கும்.

குழுவுக்கு 10 எலி, மூன்று குழு, மூன்று முறை என்றாலே 90 எலி. நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுக் கேளுங்கள். நடுவில் எண்ணிக்கையைக் கூட்டக் கேட்டால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும்.

## மரபு மாற்றிய எலியும் மனிதக் கட்டி ஏற்ற எலியும்

2009இல் வந்த பிராஃப்–பிடென் எலியில், தோல் மேல் டமாக்சிஃபென் வகை மருந்தை ஒரு சொட்டு தடவினால் அந்த இடத்து நிறமிச் செல்களில் மட்டும் பிராஃப் மாற்றம் விழித்துக்கொள்ளும், பிடென் என்ற கட்டித் தடுப்பு மரபணு அணைந்துவிடும். கட்டி எலியின் சொந்தத் தோலில் பிறந்து நிணநீர்க் கணுவுக்கும் நுரையீரலுக்கும் போகிறது. ஐந்து படிகளுக்கும் மிக அருகில் வருவது இதுதான்.

விலை காலத்தில் இருக்கிறது. பிடென் மரபணுவின் இரண்டு பிரதியும் நீக்கக் குறியிடப்பட்ட எலிகளை வைத்துக்கொண்டு, பிராஃப் ஒரு பக்கம், கிரி (மருந்து பட்டதும் இந்த மாற்றங்களைச் செய்யும் நொதி) ஒரு பக்கம் என்று இணை சேர்த்தாலும் நாலில் ஒரு குட்டிக்குத்தான் வேண்டிய மரபமைப்பு அமையும். ஓர் ஈற்றில் ஆறேழு குட்டி என்றால் பயன்படுவது ஒன்றோ இரண்டோ. முப்பது எலி வேண்டுமானால் இருபது ஈற்றுவரை பார்க்க வேண்டும். அந்த நிலைக்கு வருவதற்கே சில தலைமுறை ஆகும். மருந்து தடவிய எலி உடம்பை நக்கும், கூட்டாளியோடு உரசும், அதனால் தடவாத இடத்திலும் கட்டி கிளம்பும். பல எலிகளில் பரவல் முற்றுவதற்குள் முதல் கட்டியே பெரிதாகி, கருணைக்கொலை செய்ய வேண்டிவரும். ஏற்கெனவே இந்தக் கூட்டம் பெருகி ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குவதானால் பிஎச்.டி.க்கு வேண்டாம், போஸ்ட்டாக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதக் கட்டியை, எதிர்ப்பு அமைப்பு குன்றிய என்எஸ்ஜி எலியில் வளர்க்கும் முறையில் ஷான் மோரிசனின் குழு செய்த வேலை, இந்தத் துறைக்கு வருபவர் அறிந்திருக்க வேண்டியது. 2008இல், நோயாளியின் மெலனோமா செல்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று தனியாக நின்றே கட்டியாக வளரக்கூடியது என்று காட்டினார்கள். 2015இல், ரத்தத்தில் போகும் செல்களை ஆக்சிஜனேற்ற அழுத்தம் கொல்கிறது என்றும், ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி கொடுத்தால் பரவல் கூடுகிறது என்றும் காட்டினார்கள். 2020இல், நிணநீர் வழியே போகும் செல்லுக்கு ஃபெராப்டோசிஸ் என்ற சாவிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கிறது என்று காட்டினார்கள். இடைப் படிகளைக் கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல மாடல் இல்லை. ஆனால் என்எஸ்ஜியில் டி செல்லும் பி செல்லும் இல்லை, இம்யூனோதெரபி கேள்விக்கு உதவாது. கிருமியில்லாத கூடம், ஆட்டோகிளேவ் செய்த தீவனம், தனித்தனிக் காற்றோட்டக் கூண்டு இவை இல்லாத இடத்தில் எலிகள் கட்டி வருமுன் தொற்றில் போய்விடும்.

## ஜீப்ரா மீன்

செல் எங்கே போகிறது என்று உயிரோடு இருக்கும்போதே கண்ணால் பார்க்க வேண்டுமா? மீனைத் தேர்ந்தெடுங்கள். 2005இல் பிராஃப் வி600இ மீனில் மெலனோமா வந்தது. 2008இல் காஸ்பர் என்ற கண்ணாடிபோன்ற மீன் வந்தபின், வளர்ந்த மீனின் உடலுக்குள்ளேயே பரவலைத் தொடர முடிந்தது.

விரைவான வழி குஞ்சுகள். முட்டையிட்டு 48 மணி நேரமான குஞ்சை டிரைகெயினில் மயக்கி, குறைந்த சூட்டில் உருகும் அகரோஸில் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒளிரும் செல்களை நுண் கண்ணாடி ஊசியால் நூறு அளவில் மஞ்சள் கருப் பக்கத்தில் செலுத்துகிறார்கள். ஓரிரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் நுண்ணோக்கியில் பாருங்கள். அதற்குள் வாலில் செல் தெரிந்தால் ஊசி நேராக ரத்தக்குழாயில் போயிருக்கிறது, அது பரவல் இல்லை, அந்தக் குஞ்சை நீக்குங்கள். மீனுக்கு 28.5 டிகிரி, மனிதச் செல்லுக்கு 37. பலர் 34இல் வைத்துச் சமாளிக்கிறார்கள். நான்கைந்து நாளில் விடை. ஒரே நாளில் நூறு குஞ்சு செய்யலாம்.

பலர் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. செல்லுக்குச் சாயம் ஏற்றிச் செலுத்தினால், செத்த செல்லை விழுங்கிய மீனின் மேக்ரோஃபேஜும் (துப்புரவு செய்யும் எதிர்ப்புச் செல்லும்) அதே நிறத்தில் ஒளிரும். அது வாலில் நடமாடுவதைப் பார்த்து “பரவிவிட்டது” என்று எழுதிவிடுவார்கள். நிலையாக ஒளிர் புரதம் ஏற்றிய செல்லையே பயன்படுத்துங்கள், மேக்ரோஃபேஜ் வேறு நிறத்தில் ஒளிரும் மீனை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். மீனுக்கு நுரையீரல் இல்லை, நிணநீர்க் கணு இல்லை, குஞ்சு வயதில் டி செல் வேலை செய்யாது. இந்த மூன்றையும் ரெவ்யூவர் கேட்பார் என்பதால், எலியில் ஓர் உறுதிச் சோதனைக்கு முன்கூட்டியே கூட்டாளி தேடிவையுங்கள்.

நம் பக்கத்துக்கு மீனில் ஒரு தனிச் சிறப்பும் உண்டு. 2022இல் ரிச்சர்ட் வைட்டின் குழு சிஆர்கேஎல் என்ற மரபணுவைக் கூட்டியபோது மெலனோமா உடம்பைவிடத் துடுப்பில் முளைத்தது. துடுப்பு மீனுக்குக் கைகால் மாதிரி. நம் ஊரில் முக்கியமான உள்ளங்கால் மெலனோமாவை விளக்க வந்த ஆய்வு அது.

## நோயாளியின் திசு

நம் ஊரில் மெலனோமா குறைவு. வரும்போது வெயில்படும் முதுகில் வருவதைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வரும் அக்ரல் வகை முக்கியம். கால் ஆணி என்றும் முள் குத்திய தழும்பு என்றும் நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதில் பிராஃப் மாற்றம் குறைவு, கிட் என்ற மரபணுவின் மாற்றம் கூடுதலாகத் தென்படுகிறது. மேலைநாட்டுத் தரவில் இந்த வகை மிகக் குறைவாகவே இருப்பதால், இந்தியாவில் இருந்து செய்யும் ஆய்வுக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. ஒரே நோயாளியின் முதல் கட்டியும் நிணநீர்க் கணுவும் ஜோடியாகக் கிடைத்தால் அது பொக்கிஷம்.

எண்ணிக்கைதான் இடர். ஒரே மருத்துவமனையை நம்பினால் ஐந்து வருடத்தில் போதிய சாம்பிள் சேராமல் போகலாம். தொடங்குமுன் அந்த மருத்துவமனை நோயியல் பதிவேட்டில் கடந்த ஐந்து வருட எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். புதுத் திசுவுக்கு, நோயியல் மருத்துவர் கட்டியின் தடிமன் அளந்து முடித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்களுக்கு. அவருக்கு முன்னால் கத்தி வைக்கக்கூடாது, சிகிச்சையே அந்த மில்லிமீட்டர் அளவைப் பொறுத்தது. பழைய பாரஃபின் கட்டைகளில் ஆர்என்ஏ துண்டு துண்டாகியிருக்கும். சாயமேற்றும்போது பழுப்பு நிறச் சாயத்தைத் தவிர்த்துச் சிவப்புச் சாயம் எடுங்கள். மெலனினும் பழுப்பு, டிஏபி சாயமும் பழுப்பு, எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒப்புதல் படிவம் நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும். சாம்பிள் வெளிநாட்டுக்குப் போவதானால் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழு அனுமதி தனி.

எம்.டி. தோல், நோயியல், அறுவை சிகிச்சை முடித்து ஆய்வுக்கு வருபவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. எம்.எஸ்சி. முடித்தவர், கூட்டு வேலையில் ஒரு மருத்துவர் உறுதியாக இல்லாவிட்டால், இதை மட்டும் நம்பி இறங்கக்கூடாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| மாடல் | முதல் தரவு | நன்றாகத் தெரியும் படி | எதிர்ப்பு அமைப்பு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| செல் லைன் | வாரங்கள் | விலகுதல் | இல்லை | அடையாளச் சோதனை, எலிச் சான்று கேட்கும் ரெவ்யூ |
| பி16, யம்1.7 | 6–9 மாதம் | தங்குதல், வளர்தல் | முழுமை | நெறிமுறை அனுமதி, கைப்பழக்கம் |
| பிராஃப்–பிடென் எலி | இரண்டு வருடம் | ஏறத்தாழ எல்லாம் | முழுமை | கூண்டு, மரபுச் சோதனை |
| என்எஸ்ஜி எலி | ஒரு வருடம் | ஓட்டத்தில் பிழைத்தல் | டி, பி செல் இல்லை | கிருமியில்லாக் கூடம் |
| மீன் குஞ்சு | 3–4 மாதம் | விலகுதல், வெளியேறுதல் | பாதி | ஊசிப் பயிற்சி, எலிக் கூட்டாளி |
| நோயாளி திசு | ஒரு வருடத்துக்கு மேல் | முடிவு மட்டும், நடப்பு தெரியாது | மனிதனுடையது | எண்ணிக்கை |

கால அளவுகள், வசதிகள் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கானவை.

ஐந்து வருட உதவித்தொகையில் இருப்பவர் என்னைக் கேட்டால், மீன் வசதி உள்ள இடமானால் மீனில் தேடி, யம்1.7இல் உறுதிசெய்து, அக்ரல் கட்டிகளின் பழைய ஸ்லைடில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்வேன். மீன் இல்லாத இடத்தில் பி16இல் கைபழகி யம்1.7க்குப் போகலாம். மூன்றாம் வருடத்துக்குள் ஒரு கட்டுரையும், நேர்காணலில் “இந்தக் கையால் செய்வேன்” என்று சொல்ல ஒரு திறமையும் இருக்கும்.

## சேருமுன் கைடிடம் கேட்க வேண்டியவை

இந்த மாடலில் கடைசியாக முடித்த மாணவர் யார், எத்தனை வருடம் ஆயிற்று? விலங்கு அனுமதி யார் பெயரில், எந்தத் தேதிவரை? ஊசி போடக் கற்றுத்தர ஆள் இப்போது ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாரா, அல்லது போய்விட்டாரா? நான் உருவாக்கும் செல் லைனையோ மீனையோ நான் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகலாமா? கடைசிக் கேள்விக்குப் பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். போஸ்ட்டாக் முடித்துத் தனி ஆய்வுக்கூடம் தொடங்கும்போது பொருள் மாற்ற ஒப்பந்தத்தில் கேட்கப்போவதும் அதுதான். வெளிநாட்டில் உருவாக்கிய எலியை ஊருக்குக் கொண்டுவர அனுமதியும் தனிமைப்படுத்தலும் சேர்ந்து பல மாதம் ஆகும். கிளம்புவதற்கு முந்தின வருடமே விந்தணுவையோ கருவையோ உறையவைத்துவிட வேண்டும்.